தங்கச்சிக்கு லப்டொப் அனுப்ப முன்

ஒட்டுசுட்டான்

அன்பு மகனுக்கு,

பிரான்சில் இருந்து தங்கச்சிக்கு அனுப்பப் போகிற லப்டொப்பில் எந்த விண்டோஸ் போடுவது என்று கேட்டிருந்தாய். எதைப் போட்டாலும் அங்கேயே போட்டு, அப்டேட் முழுவதையும் அங்கேயே எடுத்து அனுப்பு. இங்கே வீட்டில் இருப்பது 4ஜி ரௌட்டர். விண்டோஸ் ஒன்றைப் புதிதாக இறக்கினால் ஐந்தாறு ஜிபி டேட்டா போய்விடும். கடையில் கொடுத்துப் போடுவதென்றால் மாங்குளம் போய் ஏ9இல் கிளிநொச்சிக்கு பஸ் எடுக்கவேண்டும். அங்கே களவுப் பதிப்பைப் போட்டுத் தந்தால் அதோடு, லைசன்ஸ் இல்லாமலே விண்டோஸை ஓடவைக்கிற ஒரு 'அக்டிவேற்றர்' புரோகிராமும் வரும். அது வேலை செய்ய முதலில் விண்டோஸின் சொந்த வைரஸ் காவலான டிபெண்டரை நிறுத்தச் சொல்லும். வைரஸ் நுழைவது அந்த வாசலால்தான்.

முதலில் புரொசசரின் எண்ணைப் பார். இன்டெலின் ஐ5 என்பதற்குப் பின்னால் 6300 என்று இருந்தால் ஆறாம் தலைமுறை, 8250 என்றால் எட்டு, 10210 என்றால் பத்து. எட்டும் அதற்கு மேலும் என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். ஏஎம்டியின் ரைசன் என்றால் 3000 வரிசையும் மேலும் என்று வைத்துக்கொள். ஐ7 என்ற பெயரை நம்பி இருந்துவிடாதே. ஆறாம் தலைமுறை ஐ7ஐ விண்டோஸ் 11 ஏற்காது, எட்டாம் தலைமுறை ஐ3ஐ ஏற்கும். விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் 2.0 இல்லை என்று சொன்னாலும் உடனே கைவிடாதே. மெஷின் தொடங்கும்போது திறக்கிற பயோஸ் செட்டிங்ஸுக்குள் இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று ஒன்று நிறுத்தியபடி கிடக்கலாம், அதைப் போட்டுவிட்டுப் பார். ராம் 8 ஜிபி வேண்டும், டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்கவேண்டும். 4 ஜிபியிலும் ஏறும்தான், ஆனால் குரோமும் சூம் வகுப்பும் சேர்ந்து திறந்தால் இழுபட்டுக்கொண்டு நிற்கும்.

இருக்கிற விண்டோஸ் 10ஐ அப்படியே விடலாமா என்று யோசிப்பாய். அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குப் பதிந்தாலும் அது கொஞ்சக் காலத்துக்குத்தான், பிள்ளைக்கு இன்னும் மூன்று நாலு வருசப் படிப்பு இருக்கிறது. ரூபஸ் என்கிற புரோகிராமால் இந்தத் தடையைத் தாண்டிப் பழைய புரொசசரில் 11ஐ ஏற்றுவார்கள். அதையும் செய்யாதே. ஓடும், ஆனால் வருசா வருசம் வருகிற பெரிய அப்டேட் தானாக வராது. ஒவ்வொரு முறையும் யாரோ பென் டிரைவ் செய்து கையால் ஏற்றவேண்டும். நீ பக்கத்தில் இல்லை.

ஏழாம் தலைமுறையோ கீழேயோ என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டு அனுப்பு. 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. ராம் 4 ஜிபி என்றால் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு, 8 என்றால் சினமன் பதிப்பு. உபுண்டு என்கிற மற்ற லினக்ஸ்தான் பிடிக்கும் என்றால் எல்டிஎஸ் (நீண்ட கால அப்டேட்) என்று போட்டிருப்பதை மட்டும் எடு, மற்றவைக்கு ஒன்பது மாதம்தான் ஆயுள். வேர்ட், எக்செல் வேலை மின்டில் உள்ள லிப்ரே ஒபிஸில் நடக்கும். பவர்பொயின்டில் படமும் எழுத்தும் இடம் மாறலாம், அந்த ஒன்றைப் பிறவுசரில் செய்யச் சொல்கிறேன்.

எந்த சிஸ்டம் என்றாலும் பாமினி எழுத்துருவை மறக்காமல் போட்டுவிடு. இங்கே வினாத்தாள்களும் கடிதங்களும் இன்னும் பாமினியில் வருகின்றன. எழுத்துரு இல்லாவிட்டால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், பிள்ளை பைல் பழுது என்று நினைத்துவிடும். போனிலும் இணையத்திலும் வருகிற யூனிகோட் தமிழில் அடிக்க தமிழ் 99 கீபோட் விண்டோஸ் 11இலேயே உண்டு, மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து அந்தக் கீபோட்டைத் தெரிவு செய்.

விண்டோஸ் 11 என்றால் ஹோம் பதிப்புப் போதும். அங்கே 'ஃபமீய்' என்று காட்டுவது அதுதான். புரோவில் கூடுதலாக வருகிற கம்பனி டொமைன், ரிமோட் டெஸ்க்டொப் எதுவும் அவளுக்குத் தேவையில்லை, அதற்குக் காசு கொடுக்காதே. 'சிங்கிள் லாங்குவேஜ்' என்று இருந்தால் பிரெஞ்சிலிருந்து மொழியை மாற்ற விடாது, ஆங்கிலத்தில் புதிதாக இன்ஸ்டோல் செய். லைசன்ஸ் எண் மதர்போர்ட்டில் பதிந்திருப்பதால் தானாக அக்டிவேற் ஆகும். 'எஸ் மோட்' என்று இருந்தால் ஸ்டோரில் உள்ளதைத் தவிர ஒன்றும் போட ஏலாது. அதிலிருந்து வெளியே வருவது இலவசம், திரும்பிப் போக முடியாது, போகத் தேவையும் இல்லை. ஸ்டார்ட் தேடலில் winver என்று அடித்து பதிப்பு எண்ணைப் பார், 25எச்2 அல்லது அதற்குப் பிந்தியது வரவேண்டும். 23எச்2இல் இருந்தால் அங்கிருந்து ஏறுவது பல ஜிபி வேலை, அதை இங்கே தள்ளிவிடாதே.

இது கம்பனி கழித்துவிட்ட மெஷின் என்றால் ஒன்று கவனி. கம்பனி தன் பட்டியலில் அதைப் பதிந்து வைத்திருந்தால், எத்தனை தரம் அழித்துப் போட்டாலும் முதல் செட்டப்பில் கம்பனி ஈமெயிலைக் கேட்டு நிற்கும். தங்கள் பட்டியலிலிருந்து இந்த மெஷினை நீக்கச் சொல்லி அவர்களிடம் கேள். பயோஸ் பாஸ்வேட் இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லு. இங்கே வந்தபிறகு எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது.

இதைவிட எனக்குப் பயம் டிஸ்க் பூட்டுத்தான். உன் மைக்ரோசொப்ட் கணக்கோடு லப்டொப் இருக்கும்போது டிஸ்க்கைப் பூட்டுகிற டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே போட்டிருக்கக்கூடும். பிறகு பயோஸில் ஏதும் மாறினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உன் கணக்கில் இருக்கும், அவளிடம் இராது. ஆகவே முதலில் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் போய் அதை நிறுத்து, முழுதும் பூட்டு நீங்கும் வரை பொறு. அடுத்து உன் கணக்கிலிருந்து இந்த மெஷினை நீக்கு. அதன்பிறகு ரிக்கவரியில் எல்லாவற்றையும் அழிக்கிற ரீசெட். ஹோம் பதிப்பு முதல் செட்டப்பில் இன்டர்நெட்டும் கணக்கும் கேட்கும். தங்கச்சியை வட்ஸப்பில் கூப்பிட்டு, அவளுடைய சொந்தக் கணக்கில் அங்கேயே தொடக்கிவிடு. மீட்பு எண் புதிதாக உண்டானால் அதைக் கொப்பியில் எழுதச் சொல்லு.

மைக்ரோசொப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் பக்கப்பையும் நிறுத்திவிடு, டெஸ்க்டொப்பில் உள்ளதெல்லாம் மேலே ஏறி டேட்டாவைத் தின்னும். ரௌட்டரோடு இணைந்ததும் அதை 'மீட்டர்ட்' (டேட்டா அளவான இணைப்பு) என்று குறித்துவிடுவது என் பொறுப்பு.

பெட்டியை மூட முன் 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசொப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலால் ஆங்கில இன்ஸ்டோலர் செய்து உள்ளே வை. மின்ட் என்றால் அதன் இன்ஸ்டோல் பைலான ஐஎஸ்ஓவை எழுதி வை. கீபோட்டில் பிரெஞ்சு எழுத்துகள்தானே இருக்கும், ஆங்கில ஸ்டிக்கர் ஒரு தாளும் வாங்கிப் போடு ராசா. புரொசசர் எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடு, விண்டோஸா மின்டா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா