முதற்பதிப்பு எந்த ஆண்டு? தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ் நூல்களைத் தேடி எடுத்து மறுபடி அச்சிடும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது நூலடைவு தொகுக்கிறேன். ஓர் எழுத்தாளரின் எந்த நூல் எந்த ஆண்டில், எந்த அச்சகத்தில், யார் செலவில் வந்தது என்று தேடிப் பட்டியல் போடும் வேலை. அதனால் புத்தகத்தைக் கையில் எடுத்தால் முன்னுரைக்கு முன்பே, தலைப்புப் பக்கத்தின் பின்னால் இருக்கும் விவரப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். அந்தப் பக்கத்தில் நீங்கள் உண்மையை அச்சிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வு மாணவி என் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து நான்கு புத்தகங்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். நான்கும் ஒரே குறுநாவல். நான்கு பதிப்பகங்கள். ‘முதற்பதிப்பு 2011’, ‘முதற்பதிப்பு 2016’, ‘முதற்பதிப்பு 2019’, ‘முதற்பதிப்பு 2022’. எழுதியவர் 1940களிலேயே காலமானவர். “ஐயா, இதில் எதை அடிக்குறிப்பில் போடுவது?” என்று கேட்டார்.

அந்தக் கதை குழந்தை மணத்தைப் பற்றியது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று குறைந்தபட்ச மணவயதை வைத்த சாரதா சட்டம் நிறைவேறியது 1929 செப்டம்பரில். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் நாடு முழுக்க வாதம் நடந்தது. கதை சட்டத்துக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? முன்னால் என்றால் அந்தச் சண்டைக்கு நடுவில் நின்று எழுதியவர். பின்னால் என்றால் சட்டம் வந்தும் ஊர் மாறவில்லை என்று சொல்ல வந்தவர். மாணவியின் ஓர் இயல் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது. நான்கு பதிப்புகளில் ஒன்றுகூட அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆசிரியரின் பழைய முகவுரையையும் நான்கிலும் எடுத்துவிட்டு ‘பதிப்புரை’ என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறார்கள்.

பழைய பிரதியைத் தேடிப் போனோம். ஒரு சிறிய ஊரின் நூலகத்தில், சணல் கட்டிய ஒரு கட்டுக்குள் கிடைத்தது. பைண்டிங் செய்தவர் ஓரத்தை வெட்டியதில் தலைப்புப் பக்கத்தின் கடைசி வரி போய்விட்டது. ஆண்டு அங்கேதான் இருந்திருக்கும். முகவுரையின் முடிவில் ஊர்ப் பெயர், அதன் கீழே தமிழ் வருடம். ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை சரியாக அந்த இடத்தில். மிஞ்சியது ‘பவ வருஷம் ஆவணி மாதம்’. அவர் எழுதிய காலத்துக்குள் அப்படி முடியும் வருடங்கள் மூன்று. பிரபவ என்றால் 1927. விபவ என்றால் 1928. ஓட்டைக்கு முன்னால் எழுத்தே இல்லை, வெறும் பவ என்றால் 1934. சட்டம் இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் உருப்பெருக்கியை வைத்து அரை மணி நேரம் பார்த்தோம். ஓட்டையின் மேல் ஓரத்தில் ஒரு சுழி தெரிகிற மாதிரி இருந்தது. ‘வி’யின் சுழியாக இருக்கலாம். அச்சு மையின் கறையாகவும் இருக்கலாம்.

அதன் பிறகுதான் அந்த நான்கு பதிப்பகங்களில் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “எங்ககிட்ட நல்ல பிரதி இருந்துச்சு சார், எழுத்தாளரோட குடும்பத்துலேருந்து வாங்கினது. சீக்கிரம் முடிக்கணும்னு முதுகைப் பிரிச்சு மூணு பேருக்கு டைப் பண்ணக் கொடுத்தோம். அப்புறம் அந்தத் தாளெல்லாம் எடைக்குப் போயிருக்கும்” என்றார். முழுப் பிரதி! வெட்டுப்படாத தலைப்புப் பக்கத்தோடு! தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுத்திருந்தால் அது பத்திரமாக இருந்திருக்கும். போகட்டும், டைப் செய்தபோது அந்தப் பக்கத்தில் இருந்த ஆண்டை மட்டும் ஒரு வரியாக உங்கள் விவரப் பக்கத்தில் சேர்த்திருந்தால், புத்தகம் போனாலும் செய்தி மிஞ்சியிருக்கும். ஒரே ஒரு வரி. அன்று வீடு திரும்பும் வழியில் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

ஆண்டையும் ஊரையும் அச்சிடுவது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. தமிழ் எழுத்தில் அச்சான மிகப் பழைய நூல்களில் ஒன்றான தம்பிரான் வணக்கம், 1578இல் கொல்லத்தில் அச்சானது, வெறும் பதினாறு பக்கம். எந்த ஊரில், எந்த நாளில் அச்சானது என்று அதில் போட்டிருக்கிறார்கள்: அக்டோபர் 20. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். இன்னார் இயற்றியது, இன்னாரால் பார்வையிடப்பட்டு, இன்னார் பொருளுதவியால், இன்ன அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று பக்கம் நிறைய இருக்கும். உ.வே.சா. தமக்கு ஏடு கொடுத்தவர்களின் பெயர்களையெல்லாம் தம் பதிப்புகளில் எழுதிவைத்தார். ஈயத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கோர்த்த காலத்தில் அவர்களால் முடிந்தது, கணினியில் ஒரு வரி சேர்க்க உங்களால் முடியாதா?

பதிப்புத் துறையில் இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது, நூலக ஆணைக்கு, அதாவது பொது நூலகங்களுக்காக அரசு புத்தகம் வாங்கும் ஆணைக்கு, அந்தந்த ஆண்டின் முதற்பதிப்பு என்று காட்டினால்தான் புத்தகம் எடுபடும் என்றார். அப்படியென்றால் தவறு உங்களோடு நிற்கவில்லை. ஃபாரத்துக்கு (ஒன்றாக அச்சாகும் பக்கங்களின் தொகுப்புக்கு) இவ்வளவு என்று பக்கத்தை எண்ணி விலை போடத் தெரிந்த அரசுக்கு, 1940களிலேயே காலமானவரின் நூல் 2019இல் எப்படி முதற்பதிப்பு ஆகும் என்று கேட்கத் தெரியவில்லை. அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யச் சொன்ன 1867ஆம் ஆண்டுச் சட்டம், எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை என்பதுவரை கேட்டு வாங்கிப் பதிவு செய்தது. வெள்ளைக்காரன் நம்மைக் கண்காணிக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் அந்தப் பதிவுகளை வைத்துத்தான் அந்தக் காலத்துத் தமிழ் நூல்களை இன்று அடையாளம் காண்கிறோம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் இதழ்களோடு நின்றுகொண்டது. நூல்கள் அதில் இல்லை. கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பச் சொல்லும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுப்பும் பிரதியிலேயே ஆண்டு தவறாக இருந்தால் நூலகப் பட்டியலிலும் அதே தவறுதான் ஏறும். அதைப் பார்த்து ஆய்வேடு, ஆய்வேட்டைப் பார்த்துப் பாடநூல்.

சரி, அரசிடம் கேட்க வேண்டியதை அரசிடம் தனியாகக் கேட்கிறேன். நாட்டுடைமையான நூல்களையும் உரிமைக்காலம் முடிந்த நூல்களையும் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். நீங்கள் போட்டதால்தான் பல நூல்கள் மறுபடி கிடைக்கின்றன. உங்கள் முதலீடும் சிரமமும் எனக்குத் தெரியாதவை அல்ல. விவரப் பக்கத்தில் சில செய்திகளைச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் பணிவோடு கேட்கிறேன். நூல் முதலில் வந்த ஆண்டு, முதலில் வெளியிட்டவர் பெயர், நீங்கள் எந்தப் பிரதியைப் பார்த்து அச்சிட்டீர்கள் என்ற குறிப்பு. உங்கள் பதிப்பை ‘இப்பதிப்பகத்தின் முதற்பதிப்பு’ என்று போடுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆண்டு தெரியாவிட்டால் ‘முதலில் வெளிவந்த ஆண்டு தெரியவில்லை’ என்றே அச்சிடுங்கள். ஆசிரியரின் முகவுரையை, அதன் கீழே இருக்கும் நாளோடும் ஊரோடும், அப்படியே விட்டுவையுங்கள். பழைய பிரதியைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால் தலைப்புப் பக்கத்தையாவது முதலில் படம் எடுத்துவிடுங்கள்.

மாணவி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். அடிக்குறிப்பில் ‘1928 (?)’ என்று இருக்கிறது.

ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வரப்போகும் நூல்கள் இப்போது உங்களிடம் மெய்ப்பில் இருக்கும். விவரப் பக்கத்தைக் கடைசியில்தான் சேர்ப்பீர்கள் என்று தெரியும். இந்த முறையே அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்