ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய ஐந்தாவது பிரிவு

ஆசிரியருக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸின் பரசோயின் தேவாலயம் பற்றிய கட்டுரையில், ஸ்பெயினிடமிருந்து அந்நாட்டின் சுதந்திரம் அங்கேதான் அறிவிக்கப்பட்டது என்று வந்துள்ளது. அது தவறு. 1898 ஜூன் 12 அன்று பிரகடனம் வாசிக்கப்பட்ட இடம் கவித்தே மாகாணத்துக் கவிட் ஊரில் உள்ள புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோவின் வீடு. பரசோயின் இருப்பதோ மணிலாவுக்கு வடக்கே, புலாக்கான் மாகாணத்து மலோலோஸில். அங்கே புரட்சிக் காங்கிரஸ் என்ற பிரதிநிதிகள் அவை கூடியது செப்டம்பர் 15இல். பிரகடனத்துக்கு அது ஒப்புதல் தந்தது செப்டம்பர் 29இல். குடியரசின் தொடக்க விழா 1899 ஜனவரி 23 அன்று நடந்தது.

அகினால்டோவின் அலுவலகமும் பரசோயினில்தான் இருந்தது என்பது இன்னொரு குழப்பம். அது அதே ஊரின் மற்றொரு கோவிலான இன்றைய மலோலோஸ் பேராலயத்தின் குருமனையில் இயங்கியது. 1899 மார்ச் 31இல் அமெரிக்கப் படை ஊருக்குள் நுழையுமுன், பின்வாங்கிய பிலிப்பினோ வீரர்களே அதற்குத் தீ வைத்துவிட்டார்கள்.

இவற்றைவிட எனக்கு வருத்தம் தந்தது, கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்று. கத்தோலிக்கக் கோவிலுக்குள் கூடிய அந்தக் காங்கிரஸ்தான் அரசையும் திருச்சபையையும் பிரித்தது. அரசியலமைப்பு வரைவை எழுதிய ஃபெலிப்பே கால்டெரோன், கத்தோலிக்கத்தை அரச மதமாக்க விரும்பினார். அவை உறுப்பினர் தோமாஸ் டெல் ரொசாரியோ அதை எதிர்த்து வாதாடினார். ஸ்பானியத் துறவியரின் நிலமும் அதிகாரமும் மக்களை எவ்வளவு வாட்டின என்பதை அறிந்த அவை அது; ஆனால் புரட்சிக்குத் துணைநின்ற உள்ளூர்க் குருக்களையும் கைவிட மனமில்லை. முதல் வாக்கெடுப்பு 25க்கு 25 எனச் சமமாக நின்றது. மறு வாக்கெடுப்பில் பாப்லோ டெக்சோன் பிரிவினையின் பக்கம் நிற்க, 26க்கு 25 என்று ஐந்தாவது பிரிவு நிறைவேறியது. எல்லா மதங்களும் சமம், சுதந்திரமானவை என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது.

ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்காவுடன் போர் நெருங்கும் வேளையில் குருக்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று அகினால்டோவின் ஆலோசகர் அப்போலினாரியோ மபினி கருதினார். அதனால் 100ஆவது பிரிவு சேர்க்கப்பட்டது: அடுத்த அரசியல் நிர்ணய சபை கூடும்வரை ஐந்தாவது பிரிவு நிறுத்திவைப்பு; அதுவரை பிலிப்பினோ குருவின் பணி தேவைப்படும் ஊராட்சிகள் அவருடைய பராமரிப்பை ஏற்க வேண்டும். 1899 பிப்ரவரி 4இல் போர் மூண்டது. அந்தச் சபை கூடவே இல்லை.

மபினியை அரசியலமைப்பின் ஆசிரியர் என்று கட்டுரை சொல்வதற்கு, பழைய 10 பெசோ நோட்டில் முன்பக்கம் அவர் முகமும் பின்பக்கம் பரசோயினும் இருந்தது காரணமாக இருக்கலாம். உண்மையில் அவர் தனியே ஒரு வரைவு தந்தார். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. சட்டமன்றத்துக்கு அளவுமீறி அதிகாரம் தருகிறது என்று கால்டெரோனின் வரைவை எதிர்த்தவரும் அவரே. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்