மின்னணுப் பாடப்பொருள்களை மாற்றுத்திறனாளி மாணவர்களும் படிக்கும்படி ஆக்க ஆசிரியர்களுக்கு உதவி மையம் கோரும் மனு

அனுப்புநர்:
பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் மற்றும் திரைவாசிப்பான் பயிற்றுநர்கள்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மின்னணுப் பாடப்பொருள் – மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஏற்ற வடிவில் வழங்குதல் – பல்கலைக்கழகந்தோறும் உதவி மையம் அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பாடக் குறிப்புகள் இன்று வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் கூகுள் கிளாஸ்ரூம் வழியாகவும் பிடிஎஃப் கோப்புகளாக மாணவர்களைச் சேர்கின்றன. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் அவற்றை திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக்காட்டும் என்விடிஏ, டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் மூலம் கேட்டுப் படிக்கிறார்கள். கோப்பு கைக்கு வந்தும் பல நேரம் பாடம் காதில் விழுவதில்லை. அதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஆசிரியரின் கண்ணுக்குப் புலப்படாதவை.

முதல் காரணம் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டால், திரையில் தெரிவதுதான் தமிழ். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்று தெரியும் சொல்லைத் திரைவாசிப்பான் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்றே வாசிக்கும். அரசு 2010ஆம் ஆண்டிலேயே தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் தரும் யூனிகோடு முறையை ஏற்றுவிட்டது. ஆனாலும் அச்சகத்தில் பழைய முறையில் வடிவமைத்த பாடநூல்களும் பல ஆண்டுக் குறிப்புகளும் இன்றும் அப்படியே சுற்றில் உள்ளன.

யூனிகோடில் தட்டச்சிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடாது என்பதைத் துறையின் கவனத்துக்குக் குறிப்பாகக் கொண்டுவருகிறோம். பிடிஎஃப் ஆக மாற்றும்போது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, அதாவது மெய்க்கு முன்னாலேயே, பதிவாகிவிடுவதுண்டு. அப்போது ‘கொ’ மூன்று துண்டாக உடையும், சொல் சிதையும். பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் இது உடனே தெரியும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆகவே தமிழ்ப் பாடங்களுக்குப் பிடிஎஃப் மட்டும் போதாது. மூல வேர்டு கோப்பையோ இபப் என்ற மின்னூல் வடிவத்தையோ சேர்த்துத் தர வேண்டும்.

மற்றொன்று, கைப்பேசியில் படமெடுத்த பக்கங்கள். அவற்றில் எழுத்தே கிடையாது, படம் மட்டுமே. டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழ் எழுத்துகளை அறிந்து உரையாக்கும். ஆனால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவு வேண்டும். பக்கம் சாயக் கூடாது. விரித்த புத்தகத்தின் இரு பக்கங்களையும் ஒரே படமாக எடுக்கக் கூடாது. அப்படியும் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று மாறும். மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லாமல் அந்த உரையை மாணவரிடம் கொடுப்பது தவறான பாடத்தைக் கொடுப்பதாகும்.

ஆசிரியரே செய்யக்கூடியவையும் உண்டு. தலைப்பைத் தடித்த எழுத்தில் காட்டினால் போதாது. வேர்டின் ஹெடிங் ஸ்டைலைப் பயன்படுத்தினால்தான் மாணவர் தலைப்புவிட்டுத் தலைப்பு தாவ முடியும். படத்தில் இருப்பதைச் சொற்களில் விளக்கும் மாற்று உரை தேவை. அட்டவணையில் இணைத்த கட்டங்களைத் தவிர்க்க வேண்டும். ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ இந்தக் கட்டமைப்பையெல்லாம் அழித்துவிடும் என்பதால் ‘சேவ் ஆஸ்’ வழியே சேமிக்க வேண்டும். இவற்றை ஆசிரியர்கள் தங்கள் சொந்தப் பாடக் கோப்பை வைத்தே ஒரு நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். பொதுவான விரிவுரைப் பயிற்சியால் பயனில்லை.

ஆனால் நூற்றுக்கணக்கான பழைய பக்கங்களை யூனிகோடாக்குவதும், படமாக ஒட்டிய கணிதச் சமன்பாடுகளை மீண்டும் உள்ளிடுவதும், செவித்திறன் குறையுடைய மாணவர்களுக்காகக் காணொளிக்குச் சப்டைட்டில் இட்டுத் திருத்துவதும் வகுப்பெடுக்கும் ஒருவர் தனியே முடிக்கும் வேலைகள் அல்ல.

எனவே, ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகத்திலும் இணைப்புக் கல்லூரிகளுக்கும் சேர்த்து உதவி மையம் ஒன்று அமைக்கக் கோருகிறோம். அதில் குறைந்தது மூன்று முழுநேரப் பணியாளர்கள் வேண்டும்: கோப்பு மாற்றத்துக்கு ஒருவர், தமிழ் மெய்ப்புக்கு ஒருவர், அன்றாடம் திரைவாசிப்பானில் படிக்கும் மாற்றுத்திறனாளி ஒருவர். மூன்றாமவர் கேட்டு ஒப்புதல் தராத கோப்பு மாணவருக்குப் போகக் கூடாது. என்விடிஏயும் டெசராக்டும் இலவசம் என்பதால் செலவு பெரும்பாலும் ஊதியமே. பருவம் தொடங்க ஆறு வாரம் முன்பே பாடப் பட்டியல் மையத்துக்கு வந்தாக வேண்டும். தேர்வு நெருங்கும்போது வரும் கோப்பால் யாருக்கும் பயனில்லை. இதற்குச் செலவிடும் நேரத்தை ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

பதிப்புரிமைக்கு அஞ்சிப் பலர் நூல் பக்கங்களை மாற்றித் தரத் தயங்குகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்காக இதை அனுமதிக்கிறது. இதைத் துறையின் ஆணையிலேயே தெளிவாகக் குறிப்பிட்டால் அந்தத் தயக்கம் நீங்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. மின்னணு வசதிகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் உரிமை என உச்ச நீதிமன்றமும் 30.04.2025 அன்று தீர்ப்பளித்துள்ளது. வரும் கல்வியாண்டின் முதல் பருவத்துக்கு முன்பாக மையங்கள் செயல்படத் தக்க வகையில் ஆணை பிறப்பிக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியர்கள், பயிற்றுநர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)