லங்காவி வேணாம் தம்பி, பங்கோர் போவோம்

தம்பி,

நேத்து நீ அனுப்புன லங்காவி ரிசார்ட் போட்டோல்லாம் பாத்தேன்யா. அழகாத்தான் இருக்கு, ஆனா ஒரு ராத்திரிக்கு மலேசியக் காசு 900 வெள்ளின்னு போட்டிருந்ததப் பாத்ததும் மனசு கேக்கல, ரெண்டு ரூமு, நாலு ராத்திரி, அதுக்கு மேல அஞ்சு பேருக்கு ஃபிளைட் வேற. பெர்த்ல வீட்டுக் கடன் கட்டிக்கிட்டு இருக்கிற நேரத்துல இத கிரெடிட் கார்டுல போட்டுக்கிறேன்னு சொன்னியே, அத நான் இன்னும் அப்பாகிட்ட சொல்லல, சொன்னா அவரு வரவே மாட்டாரு.

நீங்க வர்றது டிசம்பர். அப்ப கிழக்குக் கரையில மழக்காலம், பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுப் பக்கமெல்லாம் கடல் கொந்தளிப்பா இருக்கும், முக்கால்வாசி எடம் மூடிருவாங்க. மேற்குப் பக்கம் அந்தத் தொல்ல அவ்வளவா இல்ல. அதனாலதான் பங்கோர் தீவு சொல்றேன். ஒனக்கு ஆறு வயசுல போனோமே, ஞாபகம் இருக்கா? அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா பஸ் ஏறுனாரு, தூங்காம. ரைஸ் குக்கர், அரிசி, புளி எல்லாம் பையில கட்டிக்கிட்டுப் போனோம், மூணு நாளும் நானே ஆக்குனேன், திரும்பி வரும்போது ஃபெரியில நீ அழுத அழுகை, பக்கத்துல இருந்த சீனப் பாட்டி ஒனக்கு பிஸ்கட் குடுத்தாங்க.

இப்ப நம்ம கார்லயே போயிரலாம். சென்தூல் வீட்டுலேருந்து விடியக்காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பணும், பீடோர்ல எறங்கி கொய்யாப்பழம் வாங்கிக்கிட்டு, தெலுக் இந்தான்ல அந்த சாஞ்ச கோபுரத்த ஒன் மக குட்டிக்குக் காட்டணும். 1885ல கட்டுனது, வெளிய பாத்தா எட்டு மாடி மாதிரி தெரியும், உள்ள மூணு மாடிதான், முன்னாடி ஊருக்குத் தண்ணி தேக்கி வச்ச எடம். அப்புறம் சித்தியவான், லுமுட். கார லுமுட்லயே விட்டுட்டு ஃபெரி ஏறுனா அரை மணி நேரம் போல, அவ்வளவுதான். மொத ஸ்டாப்பு சுங்கை பினாங் கெச்சில், அங்க எறங்கிராதீங்க, பங்கோர் டவுன் அடுத்தது. அங்கேருந்து ரோஸ் கலர் வேன் இருக்கும், அஞ்சு பேரும் ஒண்ணா ஏறி தெலுக் நிப்பா கடற்கரைக்குப் போயிரலாம்.

ரூமுக்குக் கேட்டுட்டேன். வாரக் கடைசின்னா 280, திங்கள்லேருந்து வியாழன் வரைக்கும்னா 190, ஆறு பேரு படுக்கலாம், அடுப்பும் இருக்கு. மூணு ராத்திரி 570. பெட்ரோல், டோல், ஃபெரி, சாப்பாடு எல்லாம் சேத்து 1,300 தாண்டாதுன்னு கணக்கு போட்டு வச்சிருக்கேன். எனக்கு கூட்டு (சீட்டு) காசு 1,200 வருது, அத இதுக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன், வேணாம்னு சொல்லாத. மிச்சத்த நீ போடு.

சாயங்காலம் தெலுக் நிப்பால இருவாட்சிப் பறவை மரத்துக்கு மரம் வந்து ஒக்காரும், குட்டி கண்ணு சிமிட்டாம பாக்கும். மருமகளுக்கு சரித்திரம் புடிக்கும்ல, தெலுக் கெடோங்ல டச்சுக்காரன் 1670ல ஈயம் பதுக்கி வைக்கக் கட்டுன கோட்டை இருக்கு, பேராக் மாநிலத்துக்குள்ள இங்கிலீஷ்காரன் கால் வைக்க வழி செஞ்ச 1874 ஒப்பந்தத்துக்குக் கூட இந்தத் தீவு பேருதான். எனக்கு அதெல்லாத்தையும் விட பத்திரகாளியம்மன் கோயில்தான். அம்மா கடலப் பாத்து ஒக்காந்திருக்கா, மாசி மகத்துக்கு அங்க கூட்டம் தாங்காது, டிசம்பர்ல நிம்மதியா நின்னு கும்பிடலாம். வரும்போது நெத்திலி வாங்கணும், இங்க பசார்ல கெடைக்கிறது மாதிரி இருக்காது.

பக்கத்துத் தீவு பங்கோர் லாவுட்ல பெரிய பணக்காரங்க தங்குற ரிசார்ட் இருக்கு, நம்ம ஒக்காரப் போற மணல்லேருந்து ரொம்ப தூரமில்ல, அதே தண்ணிதான்யா அங்கயும்.

அப்பாவுக்கு முட்டி வலி கூடிப்போச்சு. படி ஏற சிரமப்படுறாரு, ஆனா நிப்பால மணல் சமமா இருக்கு, ரூம்லேருந்து பத்து அடில கடல். ஒன்ன தோள்ல ஒக்கார வச்சு அலையில எறங்குன மனுசன், அவரு பேத்திய அங்க வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கிறத நான் பாக்கணும், அதுக்குத்தான் இவ்வளவு எழுதறேன்.

ஸ்கூல் லீவு நேரம், ரூம்காரம்மா வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் கேட்டிருக்காங்க. மருமககிட்ட பேசிட்டு எந்த திங்கக்கிழமைன்னு மட்டும் சொல்லுயா.

அம்மா