காத்திருக்கும் பம்பும் ஓட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரேற்று நிலையங்களில் இரண்டு, மூன்று பம்புகளை பி.எல்.சி. எனப்படும், எழுதிவைத்த நிரலின்படி இயந்திரங்களை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி மூலம் மாற்றி மாற்றி ஓட்டுவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பலரும் கவனிக்காத ஒரு பொருளை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் பம்புகள் எல்லாம் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று சொல்லிக் கட்டுரை நின்றுவிட்டது. இத்தகைய பம்புகளின் கட்டுப்பாட்டுப் பேனல்களுக்கு நிரல் எழுதும் பொறியாளன் என்ற முறையில், அந்த விளக்கம் பாதி மட்டுமே என்றும், அதை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்படும் நிரல்களே நெருக்கடி நேரத்தில் கைவிடுகின்றன என்றும் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஓடாமல் நிற்கும் பம்பு புதிதாகவே இருக்கும் என்று எண்ணுவது தவறு. பக்கத்தில் ஓடும் பம்பின் அதிர்வு அடித்தளத்தின் வழியே வந்து சேர, நிற்கும் பம்பின் பேரிங்கில் குண்டுகள் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தித் தடம் விழுகிறது. தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் இரு முகங்களும் ஒட்டிக்கொள்ளலாம். மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங்கில் ஈரம் ஏறி இன்சுலேஷன் குறையலாம். நீர் வந்து சேரும் தொட்டியான சம்ப் கழிவுநீருக்கானதாக இருந்தால், நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரைச் சுற்றி வண்டல் இறுகிவிடும். இவை எதுவும் வெளியே தெரியாது. ஓடிக்கொண்டிருந்த பம்பு பழுதாகி, காத்திருந்ததை இயக்கிப் பார்க்கும் நேரத்தில்தான் தெரியவரும். ஆகவே ஒவ்வொரு பம்பும் இன்றைக்கும் ஓடும் நிலையில் இருக்கிறதா என்பதை ஓட்டியே அறிந்துகொள்வதுதான் இந்தச் சுழற்சியின் முதற்பயன் என்பேன். தேய்மானம் பகிரப்படுவது அதற்கு அடுத்தது. எல்லாப் பம்புகளும் ஒரே அளவு தேய்ந்தால் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுதாகக்கூடும் என்று கருதி, வேண்டுமென்றே ஒன்றைக் குறைவாக ஓட்டும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தில் நியாயம் உண்டு.

இரண்டு பம்புகளுக்கான அடிப்படை நிரல் மிகச் சிறியது. சம்பின் நீர்மட்டம் தொடக்க அளவைத் தொட்டதும் முதன்மைப் பம்பு ஓடத் தொடங்கும்; மட்டம் நிறுத்த அளவுக்கு இறங்கியதும் நிற்கும்; நிற்கும் அந்தக் கணத்தில் நினைவகத்தில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற குறி) மாற, அடுத்த முறை மற்ற பம்பு முதன்மையாகும். பி.எல்.சி. தன் நிரல் முழுவதையும் சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை படித்து முடிப்பதால் (இந்தச் சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர்), சிக்னல் மாறும் விளிம்பை ஒரேயொரு ஸ்கேனில் மட்டும் பிடிக்குமாறு எழுதாவிட்டால் அந்தப் பிட் ஒவ்வொரு ஸ்கேனிலும் புரண்டுகொண்டே இருக்கும். பி.எல்.சி.க்கான நிரல்மொழியான லேடர் பழகுகிறவர்கள் இதை விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பிட்டை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகப் பகுதியில் வைக்க மறப்பதுதான் எளிதில் கண்ணில் படாத குறை. அப்படி வைக்காவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் முதல் பம்பே முந்திக்கொள்ளும். அடிக்கடி மின்சாரம் போகும் இடத்தில் இரண்டாவது பம்புக்கு முறையே வராமல் போகலாம்.

மூன்று, நான்கு பம்புகள் உள்ள இடங்களில் ஓடிய மணிக்கணக்கை ஒப்பிட்டு, குறைவாக ஓடியதை அடுத்து இயக்குவது வழக்கம். அந்தக் கணக்கை, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டரின் துணைத் தொடர்பிலிருந்தோ மின்னோட்ட உணரியிலிருந்தோ எடுக்க வேண்டும். பி.எல்.சி. கொடுத்த கட்டளையை வைத்து எண்ணினால், மின்னோட்டம் மிகும்போது துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகி நிற்கும் பம்பும் ஓடியதாகவே பதிவாகும். புதிய பம்பைப் பொருத்தும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. அதன் கணக்கைப் பூஜ்யத்தில் தொடங்கினால், மற்றவை 8,000 மணி நேரம் ஓடியிருக்கும் நிலையில், ஒரு பம்பு எந்நேரமும் ஓட வேண்டிய இடத்தில் நிரல் அந்தப் புதிய பம்பை மட்டுமே ஏறக்குறைய 11 மாதங்களுக்கு முதன்மையாக வைத்திருக்கும். சுழற்சிக்கென்று தனிக் கணக்கு ஒன்றை வைத்து, பம்பு மாற்றும்போது எல்லாவற்றையும் ஒருசேரப் பூஜ்யமாக்கினால் இது தீரும். பராமரிப்புக்கான மொத்த மணிக்கணக்கு தனியே ஓடிக்கொண்டிருக்கலாம். தேவை குறையாமல் முதன்மைப் பம்பு நிற்காமலே ஓடும் இடங்களில், நிற்கும்போது மாற்றுவது என்ற விதி பயன்படாது என்பதால், 24 மணி நேரம் ஆனதும் கட்டாயமாக மாற்றும் டைமரும் வேண்டும்.

பம்பு ஒன்று பழுதாகும் நாளுக்காக எழுதப்படும் பகுதியே நிரலில் மிகப் பெரியதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டளை கொடுத்த சில விநாடிகளுக்குள் ஓடுகிறது என்ற சிக்னல் திரும்பி வராவிட்டால், அந்தப் பம்பை வரிசையிலிருந்து நீக்கி அடுத்ததை உடனே இயக்க வேண்டும். கான்டாக்டர் மூடியதாலேயே தண்ணீர் வருகிறது என்று ஆகிவிடாது. பம்போடு இணைக்கும் கப்ளிங் உடைந்த மோட்டார் நன்றாகவே சுழலும். எனவே முக்கியமான இடங்களில் அழுத்தத்தையோ நீரோட்டத்தையோ அறியும் சுவிட்சும் தேவை. செலக்டர் சுவிட்ச் ஆட்டோவில் (தானியங்கி நிலையில்) இல்லாத பம்பை நிரல் தன் கணக்கில் சேர்க்கக் கூடாது. மின்சாரம் திரும்பும்போது எல்லாப் பம்புகளும் ஒரே நொடியில் தொடங்கவும் கூடாது: நேரடியாகத் தொடங்கும் மோட்டார் அந்தக் கணத்தில் தன் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு வரை இழுக்கும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் இடையே சில விநாடி இடைவெளி அவசியம். மாற்றுப் பம்பு தடங்கலின்றி வேலையை ஏற்றுக்கொண்டால் பழுது நடந்ததே யாருக்கும் தெரியாது. இரண்டாவதும் நின்ற பிறகுதான் முதலாவது எப்போதோ நின்றுவிட்டது என்பது தெரியவரும். ஆகவே ஒருவர் வந்து பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை அலாரம் தானாக அணையாதபடி எழுத வேண்டும்.

சம்பின் அளவையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். விநாடிக்கு 40 லிட்டர் இறைக்கும் பம்பு மணிக்கு 10 முறைக்கு மேல் தொடங்கக் கூடாது என்றால், தொடக்க மட்டத்துக்கும் நிறுத்த மட்டத்துக்கும் இடையே குறைந்தது 3,600 லிட்டர் இடம் வேண்டும். வரத்து பம்பின் திறனில் சரிபாதியாக இருக்கும்போது தொடக்கங்கள் மிக அதிகமாகும் என்பதால் அந்த நிலைக்கே இது கணக்கிடப்படுகிறது. இரண்டு பம்புகள் மாறி மாறி ஓடும்போது 1,800 லிட்டரே போதும் என்று சம்பைச் சிறிதாகக் கட்டுகிறார்கள். ஒன்று பழுதானதும் மிஞ்சியது மணிக்கு 20 முறை தொடங்க நேரிட்டு, மோட்டார் சூடேறி அதுவும் எரியும் அபாயம் உண்டு. தனியொரு பம்புக்குத் தேவையான அளவிலேயே சம்பைக் கட்ட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இத்தகைய நிலையத்தைப் பொறுப்பேற்பவர்கள், பம்புகள் முறைப்படி மாறுவதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவதே பெரும்பாலும் நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் ஓவர்லோடு ரிலேயை ட்ரிப் செய்து பார்க்கச் சொல்லுங்கள்; பேனலின் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுத்து எந்தப் பம்பு தொடங்குகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள்; பி.எல்.சி.யையே நிறுத்திவிட்டு, நீர் மிக உயர்ந்ததும் மிதந்து எழுந்து இயங்கும் உயர்மட்ட ஃப்ளோட் சுவிட்ச், பி.எல்.சி.யின் உதவியில்லாமல் ரிலே வழியாகப் பம்பை இயக்குகிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். தங்கள் நாளிதழ் இப்பொருளை மீண்டும் எடுத்துக்கொள்ளும்போது இந்தச் சோதனைகளையும் விளக்கி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பம்பு கட்டுப்பாட்டுப் பேனல்களுக்கு நிரல் எழுதும் பொறியாளர்