பெல்லட் அடுப்புக்குப் பழைய புகைக்கூண்டு அப்படியே உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்டா மாவட்டங்களில் மெஸ், பலகாரக்கடை, கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்களில் சிலர் சவுக்குக்கட்டை அடுப்பை எடுத்துவிட்டு, பின்புறம் புகைக்குழாய் உள்ள மூடிய பெல்லட் அடுப்பு (மரத்தூள், உமி போன்றவற்றை அழுத்திச் செய்த சிறு கட்டிகளை எரிப்பது) வைக்கிறார்கள். "கூண்டுதான் ஏற்கெனவே இருக்கிறதே" என்று அந்தக் குழாயைக் கூண்டுக்குள் ஒரு முழம் நுழைத்து, சுற்றிலும் சிமெண்டு பூசிவிடுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்து.

விறகுப் புகை நல்ல சூட்டோடு இருப்பதால் தானாக மேலேறும். பெல்லட் புகையில் சூடு குறைவு, அதை அடுப்பிலுள்ள ஃபேன்தான் தள்ளுகிறது. 4 அங்குலக் குழாயின் வாய் சுமார் 12.5 சதுர அங்குலம். 9-க்கு 9 அங்குலக் கூண்டோ 81. ஆறு மடங்குக்கு மேல் அகலமான இடத்துக்குள் வந்ததும் புகையின் வேகம் செத்துவிடும். செங்கல்லில் பட்டுக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி வியர்த்து, கரியோடு சேர்ந்து தாராக வழியும். அந்த அமில ஈரம் பழைய சுண்ணாம்புக் காரையை அரித்துவிடும். பிறகு விரிசல் வழியாகக் கார்பன் மோனாக்சைடு பக்கத்து அறைக்கும் மாடிக்கும் கசியும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கூண்டின் வெளிச்சுவரில் பழுப்புக் கறை இறங்கினாலோ, சமையற்கட்டில் நிற்பவர்களுக்கு அடிக்கடி தலைவலி, குமட்டல் வந்தாலோ அடுப்பை உடனே அணைத்துவிட வேண்டும்.

கூண்டை இடிக்க வேண்டியதில்லை. அதற்குள் அடியிலிருந்து உச்சி வரை 4 அங்குல எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய் இறக்கினால் போதும். 304 தரம் போதுமானது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போல உப்புக்காற்று அடிக்கும் ஊர்களுக்கு 316. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் விலை குறைவுதான், ஆனால் அமில ஈரத்தில் சீக்கிரம் ஓட்டையாகிவிடும். முதலில் பழைய கரியையும் குளவிக்கூட்டையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அடியில் எல்போ (வளைவு இணைப்பு) வைக்காமல், கழற்றும் மூடியுள்ள 'டி' (T வடிவ இணைப்பு) வைக்க வேண்டும். உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும். உமி பெல்லட் போடுபவர்கள் வாரம் ஒருமுறையாவது அந்த மூடியைத் திறந்து வாரவில்லை என்றால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஃபேன் தள்ளுவதால் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். ஊசி ஓட்டை இருந்தாலும் புகை வெளியே பீறிடும். ஒவ்வொரு இணைப்பிலும் அதிக வெப்பம் தாங்கும் சிலிகான் பூசி, மூன்று ஸ்க்ரூ போட வேண்டும். சிமெண்டு பூசினால், குழாய் சூட்டில் நீண்டு சுருங்கும்போது அந்தப் பூச்சு விரிசல் விட்டுவிடும். நெருப்பு மூட்டும் முன் ஃபேனை மட்டும் ஓடவிட்டு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் அங்கே கசிவு. உச்சியில் குழாய்க்கும் செங்கல்லுக்கும் உள்ள இடைவெளியைத் தகடு வைத்து அடைத்து, மழைத்தொப்பி மாட்ட வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழை நேரே அடுப்புக்குள் இறங்கும். இன்னோர் அடுப்பின் புகையை இதே குழாயில் சேர்க்கவே கூடாது.

சமையற்கட்டில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அது புகையைப் பின்னோக்கி இழுக்கும். அடுப்புக்கென்று தனியாகக் காற்றுவழி விட வேண்டும். கரண்ட் போனாலும் உள்ளே கிடக்கும் பெல்லட் புகைந்துகொண்டேதான் இருக்கும். உச்சி வரை குழாய் போயிருந்தால் அந்தப் புகையில் பெரும்பகுதியாவது தானாக மேலேறும். கூடவே ஃபேனுக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் வைப்பது நல்லது.

பாத்திரத்துக்கு அடியில் திறந்த தீயாக எரியும் பெல்லட் அடுப்புக்கு மேலே சொன்னவை பொருந்தாது. அதற்கு மேலே புகையை இழுக்கும் ஹூட்தான் வேண்டும்.

அடுப்பு விற்பவர்கள் உட்குழாய், 'டி', மழைத்தொப்பி மூன்றின் விலையையும் சேர்த்தே கொட்டேஷன் தர வேண்டும். வாங்குகிறவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
புகைக்குழாய் பொருத்தும் தொழிலாளர்கள்,
கும்பகோணம்.