லீவு லெட்டரில் காய்ச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதவிடாய் விடுப்பு வேண்டுமா வேண்டாமா என்று சில நாட்களாக உங்கள் பக்கத்தில் வாசகர்கள் எழுதி வருவதைப் படிக்கிறேன். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைத் தொடவே இல்லை. மாதாமாதம் பலருக்கும் வருகிற வலி வேறு, எண்டோமெட்ரியோசிஸ் வேறு. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு சினைப்பையிலும் குடலிலும்கூட வளர்ந்து, ரத்தம் கசிந்து, நாளடைவில் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிற நோய் அது. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐம்பது பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்திருப்பது அதுதான் என்று தெரிய ஒன்பது வருடம் ஆனது. அந்த ஒன்பது வருடமும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தேன். லீவு லெட்டரில் ஒரு மாதம் காய்ச்சல், அடுத்த மாதம் ஃபுட் பாய்சன், அதற்கடுத்த மாதம் பாட்டிக்கு உடம்பு சரியில்லை (பாட்டி போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது). வேறு என்ன எழுதுவது? ஸ்கேன் நார்மல் என்று டாக்டரே சொல்லும்போது நோய் என்று எப்படி எழுத முடியும்? சாதாரண ஸ்கேனில் இது பல நேரம் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கல்யாணம் பண்ணிக்கோ, ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். கடைசியில் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்த பிறகுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது, ஆனால் அதற்குள் எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் மேனேஜர் ஆகிவிட்டார்கள். "உன்னை நம்பி வெளியூர் கிளையன்ட்டைக் கொடுக்க முடியலம்மா" என்றார் எங்கள் சார். கெட்டவர் இல்லை. செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடு என் தேதியைப் பார்த்தா வரும்? ஒழுங்கான கழிப்பறை இல்லாத குடோனில் ஸ்டாக் எண்ணப் போன நாட்களில், மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன்.

வேலையை விட்டுவிட்டேன். இப்போது சின்னக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறேன், மடியில் வெந்நீர்ப் பையோடு. இதுவரை ஒரு கெடுவையும் தவறவிட்டதில்லை. வருமானம்தான் பாதி.

கட்டாய விடுப்பு கொடுத்தால் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் கவலைப்பட்டது. பீகாரில் அரசு ஊழியர்களுக்கு 1992 முதலே மாதம் இரண்டு நாள் உண்டு, கர்நாடகம் 2025-ல்தான் மாதம் ஒரு நாள் என்று முடிவெடுத்தது. நல்லதுதான், ஆனால் எங்கள் வலி அந்த ஒரு நாளோடு நிற்பதில்லை, தேதிக்கு நடுவிலும் வரும், மலம் கழிக்கும்போது வரும், வலி இல்லாத நாளிலும் அசதி ஆளைச் சாய்த்துவிடும். எனக்கு லீவைவிட முக்கியமாகத் தேவைப்பட்டது, வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் டாக்டர் சான்றிதழை ஏற்றுக்கொண்டு, வெளியூர் வேலையைத் தேதி மாற்றிக் கொடுத்து, மாதம் மூன்று நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுவது. அவ்வளவுதான்.

நானாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரையைக் கொடுத்துத் தைக்க வைத்தார்கள் என்று 2019-ல் நம் மாநிலத்தைப் பற்றியே செய்தி வந்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் சட்டம் போட்ட அதே தமிழக அரசு, இந்த நோயைப் பெயர் சொல்லி ஒரு விதியில் சேர்க்க முடியாதா?

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போடவேண்டாம். வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

– ஒரு வாசகி, திருச்சி